முகம் இல்லாத தடைகள்: காதல் நாவல் திரைப்படமாகும்போது

காதல் நாவல் என்ற பெயரால் வழங்கும் நூல்களை எடுத்துப் பார்த்தால், காதலர் இருவரும் மகிழ்ந்திருக்கும் பக்கங்கள் மிகச் சிலவாகவும், அவர்கள் ஏன் இன்னும் சேரவில்லை என்பதைச் சொல்லும் பக்கங்கள் நூற்றுக்கணக்காகவும் இருப்பதைக் காணலாம். சேர்ந்துவிட்டால் கதை முடிந்துவிடும். ஆகையால் சேராமல் இருப்பதற்குரிய காரணமே கதையை நடத்திச் செல்கிறது. அந்தக் காரணத்தையே இவ்வுரை 'தடை' என்ற சொல்லால் குறிக்கிறது. தடை என்பது பெற்றோரின் மறுப்பாக இருக்கலாம், சாதியாக இருக்கலாம், சொத்துரிமைச் சட்டமாகவோ காதலருள் ஒருவரின் செருக்காகவோ இருக்கலாம். எதுவாயினும், ஒரு கதை எந்த ஊரில், எந்தக் காலத்தில், எத்தகைய மனிதரிடையே நடக்கிறது என்பதை அதன் காதலைவிட அதன் தடையே துல்லியமாகக் காட்டிக்கொடுக்கிறது. காதல் எங்கும் ஏறத்தாழ ஒன்றுபோல இருக்க, தடைதான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

நாவல் திரைப்படமாகும்போது கதைமாந்தர் குறைக்கப்படுவதும் கிளைக்கதைகள் வெட்டப்படுவதும் பலரும் பேசிய செய்திகள். அவற்றினும் ஆழமான மாற்றம் தடையில் நிகழ்கிறது. நாவலில் தடை பெரும்பாலும் முகமற்றது: ஒரு வழக்கம், ஒரு சட்டம், ஒரு நினைப்பு. வழக்கத்தைப் படம்பிடிக்கக் கேமராவால் இயலாது; அவ்வழக்கத்தின் காவலாக வாசலில் நிற்கும் ஆளைத்தான் படம்பிடிக்க இயலும். எனவே முகமற்ற தடைக்குத் திரை ஒரு முகத்தைத் தருகிறது. முகம் வந்தவுடன் அதை வெல்லவும் முடிகிறது. காதல் தடைகளை வென்றுவிட்டது என்று சொல்லிக்கொண்டு பார்வையாளர் அரங்கை விட்டு வெளியேறும்போது, வெல்லப்பட்டது அந்த முகமா, அதன் பின்னால் இருந்த வழக்கமா என்ற கேள்வி மட்டும் அரங்கிலேயே தங்கிவிடுகிறது.

இக்கேள்வி தமிழ் மரபுக்குப் புதியதன்று. அகப்பொருள் இலக்கணம் காதலின் தடைகளுக்குத் துறைப்பெயர் இட்டு வைத்தது. துறை என்பது காதல் ஒழுக்கத்தில் நேரும் ஒரு குறிப்பிட்ட சூழலுக்குரிய பெயர். ஊரார் வாய்க்கு வாய் பேசும் பேச்சு அலர். தலைவியை வீட்டுக்குள்ளேயே வைத்துக் காப்பது இற்செறிப்பு. அயலார் பெண் கேட்டு வருவது நொதுமலர் வரைவு. மகளின் மெலிவு முருகனால் வந்ததெனக் கருதி வேலனை அழைத்து ஆடவைப்பது வெறியாட்டு. அகத்திணையில் எவருடைய இயற்பெயரையும் சுட்டலாகாது என்ற தொல்காப்பிய விதி தலைவன் தலைவியரோடு நின்றுவிடாமல் தடை செய்வோர்க்கும் பொருந்திவருவதால், காவல் காக்கும் அன்னைக்கும் அங்கே பெயரில்லை, அலர் தூற்றும் பெண்டிர்க்கும் பெயரில்லை. அகநானூற்றில் பரணர் பாடிய பாட்டு ஒன்றில், இரவில் சந்திக்க இயலாத தலைவி தடைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறாள்: ஊர் உறங்கினால் அன்னை உறங்குவதில்லை, அன்னை உறங்கினால் காவலர் உறங்குவதில்லை, அவர்கள் உறங்கினால் நாய் குரைக்கிறது, நாய் அடங்கினால் நிலவு காய்கிறது, நிலவு மறைந்தால் கூகை குழறுகிறது, பிறகு கோழி கூவிவிடுகிறது. இவையெல்லாம் ஒருசேர அடங்கிய ஓர் இரவும் வாய்க்கிறது. அன்று தலைவன் வரவில்லை. புறத்தடைகளை வரிசையாக உரித்தெடுத்த பின் உள்ளே மிஞ்சும் இறுதித் தடை காதலனின் நெஞ்சிலேயே இருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன நாவல் எதுவும் இல்லை. காவலரையும் நாயையும் நிலவையும் எந்த இயக்குநரும் படம்பிடித்துவிடலாம். அவன் வராமையைப் படம்பிடிப்பதில்தான் திறமை இருக்கிறது.

ஐரோப்பிய நாவலில் இந்த இரண்டு வகைத் தடைகளையும் ஒரே கதையில் பின்னிக் காட்டியவர் ஜேன் ஆஸ்டின். 1813ஆம் ஆண்டு வெளிவந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் தலைப்பே செருக்கு, முன்முடிவு என்ற இரு உள்தடைகளைக் குறிக்கிறது. புறத்தே நிற்கும் தடை வேறு. பென்னட் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 2,000 பவுண்டு வருமானம் தரும் நிலம் 'என்டெய்ல்' என்னும் கட்டுக்கு உட்பட்டது. நிலத்தை விற்கவோ மகள்களுக்குப் பிரித்துக் கொடுக்கவோ உடையவர்க்கே உரிமையில்லாமல், ஆண் வாரிசு வழியில் மட்டும் அது இறங்கும்படி முன்னோர் எழுதிவைத்த ஏற்பாடு அது. ஐந்து மகள்கள், மகன் இல்லை. தந்தை கண்ணை மூடினால் வீடு தூரத்து உறவினரான காலின்ஸ் கைக்குப் போய்விடும். ஆண்டுக்கு 10,000 பவுண்டு வருமானமுள்ள டார்சி அம்மகள்களுள் ஒருத்தியான எலிசபெத்தை மணக்க விரும்புகையில், அவளுடைய குடும்பம் தன் நிலைக்குத் தாழ்ந்தது என்ற எண்ணத்தை விழுங்க முடியாமல் அதையும் சேர்த்தே சொல்லித் தொலைக்கிறான். அவள் மறுக்கிறாள்.

மறுநாள் அவன் ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான். அக்கடிதத்தை எலிசபெத் படிக்கும் அத்தியாயத்தில் வெளிப்பார்வைக்கு நடப்பது ஏதுமில்லை. ஒரு பெண் பாதையில் நடந்துகொண்டே காகிதத்தைப் படிக்கிறாள், மடிக்கிறாள், அரை நிமிடத்தில் மறுபடி பிரிக்கிறாள். முதல் வாசிப்பில் எல்லாம் பொய் என்று தள்ளியவளுக்கு, வரி வரியாகத் திரும்பப் போகையில், விக்கம் என்ற இளைஞன் முதல் உரையாடலிலேயே டார்சியைப் பழிக்கும் தன் கதையை அந்நியப் பெண்ணிடம் கொட்டியது முறையன்று என்பது அப்போதுதான் உறைக்கிறது. அவன் சொன்னதைத் தான் நம்பியதற்கு அவனுடைய முகக்களை தவிர வேறு ஆதாரம் இருந்ததில்லை என்பதும் தெரிகிறது. இரண்டு மணி நேரம் அலைந்த பிறகே வீடு திரும்புகிறாள். நாவலின் மாபெரும் தடை உடைந்தது இந்த நடையில்தான். உடைத்தவள் அவளே, உடைபட்டதும் அவளுக்குள் இருந்ததே.

இந்தப் பாதையைத் திரை எப்படிக் கடந்தது என்பதைப் பார்ப்பது பயனுள்ளது. ராபர்ட் லெனர்ட் இயக்கி, கிரீர் கார்சனும் லாரன்ஸ் ஒலிவியேயும் நடித்து 1940இல் வந்த படத்தின் திரைக்கதையில் ஆல்டஸ் ஹக்ஸ்லியின் பங்கும் உண்டு. அப்படம் கடிதத்தைப் பெரிதாகக் கொள்ளாமல், தடையைக் கேதரின் சீமாட்டியிடம் ஏற்றியது. டார்சியின் பெரியம்மா முறையான அந்தச் சீமாட்டி, நாவலில், இத்திருமணம் நடக்கலாகாது என்று எலிசபெத்தை மிரட்டுவதற்காகவே வண்டி கட்டிக்கொண்டு வருகிறாள்; எலிசபெத் வாக்குறுதி தர மறுத்ததை அவளே டார்சியிடம் போய்ச் சொல்ல, அதைக் கேட்டுத்தான் அவனுக்கு நம்பிக்கை துளிர்க்கிறது. தடுக்க வந்தவள் தன்னை அறியாமல் தூதாகிவிட்ட இந்த நகைமுரண் ஆஸ்டினின் கைத்திறன். 1940ஆம் ஆண்டுப் படத்திலோ சீமாட்டி வேண்டுமென்றே எலிசபெத்தைச் சோதிக்க வந்தவளாகவும், உள்ளூர அவளை மெச்சுபவளாகவும் ஆக்கப்பட்டிருக்கிறாள். தடைக்குக் கொடுத்த முகத்தைத் திரைப்படமே கடைசி நிமிடத்தில் புன்னகைக்க வைத்துவிட்டால், அதுவரை தடை என்று காட்டப்பட்டதெல்லாம் பொம்மலாட்டமாகிவிடுகிறது. அரங்கு மகிழ்ந்திருக்கும், வர்க்கம் என்ற சுவர் எங்கே போயிற்று என்று கேட்க அப்போது எவருக்கும் நேரம் இருந்திராது.

1995இல் பிபிசி ஆறு பகுதிகளாக ஒளிபரப்பிய தொலைக்காட்சித் தொடர், நேரம் தாராளமாக இருந்ததால், கடிதத்தை டார்சியின் குரலில் ஒலிக்கவிட்டுப் பழைய நிகழ்ச்சிகளைக் காட்சிகளாக விரித்தது. அது நேர்மையான வழி. ஆனால் கடிதம் எழுதியவனின் மனத்தை அது காட்டியதே தவிர, படித்தவளின் மனத்தைக் குறைவாகவே காட்டியது. ஜோ ரைட் இயக்கிய 2005ஆம் ஆண்டுப் படம் இதில் இரண்டு வேறுபட்ட முடிவுகளை எடுத்தது. முதல் திருமணக் கோரிக்கையை நாவல் ஒரு பாதிரியார் இல்லத்தின் வரவேற்பறையில் நிகழ்த்த, படம் அதைக் கொட்டும் மழையில், கோயில் போன்ற ஒரு கல்மண்டபத்துக்குக் கொண்டுபோனது. அந்த அறையில், வந்தவருக்கு நாற்காலி காட்டி நலம் விசாரித்தாக வேண்டிய நாகரிகத்தின் நடுவே வெடிக்கும் சினத்துக்கு இருந்த கூர்மை, மழையில் நனைந்த இருவர் உரக்கப் பேசும்போது மழுங்கிவிடுகிறது. வரவேற்பறையே அங்கு தடையாக இருந்தது என்பதைப் படம் கவனிக்கவில்லை. ஆனால் அதே படம் கடிதத்துக்கு வந்தபோது நிதானித்தது. எலிசபெத் கண்ணாடி முன் அசையாமல் நிற்கிறாள். அறையின் வெளிச்சம் மெல்ல மாறிப் பொழுது போவதைச் சொல்கிறது. டார்சி வந்து கடிதத்தை வைத்துவிட்டுப் போவதும் அவளுக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றாத நிலையிலேயே நடக்கிறது. கண்ணாடிக்கு முன் நிற்கும் பெண்ணின் முன்னால் இருப்பது அவளுடைய முகமே. உள்தடைக்கு முகம் தேவைப்பட்டபோது இன்னொருவரின் முகத்தைக் கடன் வாங்காமல், அவளுடையதையே எடுத்துக்கொண்ட இடம் அது.

ஆஸ்டினின் முந்தைய நாவலான 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' 1811இல் வெளிவந்தது. அதற்கும் தமிழுக்கும் நேரடி உறவு உண்டு. ராஜீவ் மேனன் இயக்கி, சுஜாதா வசனம் எழுதி, 2000ஆம் ஆண்டு வெளிவந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' இந்நாவலைத் தழுவியது. மூலத்தின் இரண்டாம் அத்தியாயம் உலக இலக்கியத்தின் மிகக் குரூரமான உரையாடல்களில் ஒன்றைக் கொண்டது: இறந்த தந்தைக்குக் கொடுத்த வாக்கின்படி மாற்றாந்தாய் மகள்களாகிய மூன்று தங்கையருக்கும் 3,000 பவுண்டு கொடுக்க எண்ணும் ஜானை, அவன் மனைவி ஃபேனி பேசிப் பேசியே தொகையைப் பாதியாக்கி, பிறகு ஆண்டுத்தொகையாக்கி, பிறகு எப்போதாவது ஐம்பது பவுண்டு என்றாக்கி, கடைசியில் வீடு மாறும்போது சாமான் தூக்க உதவுவதோடு போதும் என்ற இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறாள். குரல் உயர்வதே இல்லை. ஆங் லீ இயக்கிய 1995ஆம் ஆண்டுப் படத்தில் இவ்வுரையாடல் வண்டிப் பயணத்தினூடே நீள்கிறது; தூரம் குறையக் குறையத் தொகையும் குறைகிறது.

தமிழ்ப் படம் இந்த அத்தியாயத்தை விட்டுவிட்டு, பாட்டனாரின் உயிலால் செட்டிநாட்டுப் பெரிய வீடு கைமாறுவதாக அமைத்தது. அதைவிடக் குறிப்பிடத்தக்கது மூத்தவளின் காதல் தடையில் செய்த மாற்றம். மூலத்தில் அவளுடைய காதலன் எட்வர்ட் அறியாப் பருவத்தில் இன்னொரு பெண்ணுக்கு இரகசியமாகத் திருமண வாக்குக் கொடுத்தவன். வாக்கை மீறுவது மானக்குறைவு என்ற அக்கால ஆங்கிலக் கண்ணியமே தடை. 2000ஆம் ஆண்டுத் தமிழ்ப் பார்வையாளருக்கு அந்தக் கண்ணியத்தின் இறுக்கம் புரிந்திராது. ஆகவே அஜித் ஏற்ற மனோகர், ஒரு படத்தை இயக்கி முடித்தாலன்றித் திருமணம் இல்லை என்றிருக்கும் உதவி இயக்குநராகிறான். தபு ஏற்ற சௌம்யா, தனக்கு நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளை தற்கொலை செய்துகொண்ட பிறகு 'ராசியில்லாதவள்' என்று பெயர் வாங்கியவளாகிறாள். இந்தச் சொல்லைப் படத்தின் பெரும் கண்டுபிடிப்பு என்றே கொள்ளலாம். ராசியில்லாதவள் என்று எவரும் சட்டம் இயற்றுவதில்லை, கதவைச் சாத்துவதும் இல்லை. சுபகாரியத்தில் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்வார்கள், அவளும் நாளடைவில் சொல்லாமலே தள்ளி நிற்கப் பழகிவிடுவாள். அலர் என்று பழைய இலக்கணம் பெயரிட்டதன் இக்கால வடிவம் அது. முகம் தராமலே தடையைத் திரையில் நிறுத்த முடியும் என்பதற்குத் தபுவின் நடிப்பு சான்று. நல்ல செய்தி வரும்போது முதலில் தயங்கி, அது தனக்குரியதுதானா என்று பார்க்கும் அந்தப் பார்வை போதுமாக இருந்தது. இளையவளின் கதையில் அவள் காதலித்த வில்லோபி பணத்துக்காகச் செல்வப் பெண்ணை மணப்பது, நிதி நிறுவனம் நொடித்துப்போன ஸ்ரீகாந்த் அமைச்சரின் மகளை ஏற்பதாக மாறியதும் பொருத்தமே. 1990களில் நிதி நிறுவனங்களில் பணம் போட்டு இழந்த தமிழ்நாட்டுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

தடை வென்றுவிடும் கதைகளும் இந்த ஆராய்ச்சிக்கு வேண்டியவை. சரத்சந்திரரின் 'தேவதாஸ்' 1917இல் நூலானது. பார்வதி நள்ளிரவில் தேவதாஸின் அறைக்கே வந்து நிற்கிறாள். அவன் பெற்றோரை எதிர்க்கத் துணிவின்றிக் கல்கத்தாவுக்குப் போய், அவள்பால் தனக்குக் காதல் இருந்ததாகத் தோன்றவில்லை என்ற பொருளில் கடிதம் எழுதிவிட்டு, எழுதியவுடனே வருந்துகிறான். பரணரின் தலைவன் வராத இரவு இங்கே ஓர் ஆயுட்காலமாக நீள்கிறது. 1953இல் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்துத் தமிழிலும் தெலுங்கிலும் வந்த படம் தென்னாட்டில் ஒரு தலைமுறைக்கே காதல் தோல்வியின் இலக்கணமானது. சஞ்சய் லீலா பன்சாலியின் 2002ஆம் ஆண்டுப் படமோ, தேவதாஸின் கோழைமையைத் தாயாரின் செருக்கிலும் அண்ணியின் சூழ்ச்சியிலும் பங்கிட்டுக் கொடுத்து, முடிவில் பார்வதி ஓடிவரும்போது பிரம்மாண்டமான வாயிற்கதவுகள் அவள் முன் மூடுவதாகக் காட்டியது. நாவலில் அவன் இறந்த பிறகே செய்தி அவளை எட்டுகிறது. ஓடிப்போய் நிறுத்துவதற்கு ஏதும் மிச்சமில்லை. கதவு காட்சிக்கு அழகுதான். ஆனால் கதவு திறந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்ற பொய்யையும் அது சேர்த்தே சொல்கிறது.

இதற்கு நேர்மாறாக நிற்பது 'செம்மீன்'. தகழி சிவசங்கரப் பிள்ளை 1956இல் எழுதி, மறு ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்ற இந்நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் சுந்தர ராமசாமி. கருத்தம்மா கடலோர மீனவர் மகள். பரீக்குட்டி முஸ்லிம் வணிகன். மதம் ஒரு தடைதான், எனினும் அதைவிடப் பெரிய தடை கரையின் நம்பிக்கை: கடலுக்குப் போனவனின் உயிர் கரையில் இருக்கும் மனைவியின் கற்பில் தங்கியிருக்கிறது, அவள் பிழைத்தால் கடலம்மை அவனைக் கொண்டுபோய்விடுவாள். இந்த நம்பிக்கையில் கருத்தம்மாவும் பங்குள்ளவள் என்பதால், அவளைத் தடுப்பவர்களை மட்டும் அப்புறப்படுத்தினால் தடை தீராது. ராமு காரியாட் 1965இல் இதைப் படமாக்கியபோது தடைக்குக் கடலையே முகமாகக் கொடுத்தார். மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவில் அக்கடல் ஒவ்வொரு காட்சியின் ஓரத்திலும் இருக்கிறது; காதலர் பேசும்போது அவர்களுக்குப் பின்னால், சண்டையின்போது குடிசை வாசலுக்கு அப்பால். முகம் கிடைத்தும் அதை வெல்ல முடியாது. கடலிடம் மன்றாடலாம், கடலை மனம் மாற்ற முடியாது. குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தை முதன்முதலாகத் தென்னகத்துக்குக் கொண்டுவந்த அப்படத்தின் வலிமையில் பாதி இந்த ஒரு முடிவில் இருக்கிறது.

காதல் வெல்லவும் வேண்டும், தடை பொம்மையாகவும் கூடாது என்ற இரண்டையும் ஒருசேர முயன்ற தமிழ்ப் படைப்பு 'தில்லானா மோகனாம்பாள்'. கொத்தமங்கலம் சுப்பு, கலைமணி என்ற புனைபெயரில், 1950களின் பிற்பகுதியில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய இந்நாவலுக்கு கோபுலு ஓவியம் தீட்டினார். ஏ. பி. நாகராஜன் 1968இல் இதைப் படமாக்கினார்; சிவாஜி கணேசன் நாதஸ்வரக் கலைஞர் சிக்கல் சண்முகசுந்தரமாகவும், பத்மினி ஆடற்கலைஞர் மோகனாம்பாளாகவும் நடித்தனர். இக்காதலின் தடையை விளங்கிக்கொள்ள இரண்டு சொற்களை அறிந்திருக்க வேண்டும். தஞ்சை வட்டாரத்தில் நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த குழு பெரிய மேளம். நாட்டியப் பெண்ணும் நட்டுவனாரும் பக்கவாத்தியக்காரரும் சேர்ந்த குழு சின்ன மேளம். இரண்டும் பெரும்பாலும் ஒரே சமூகத்தைச் சேர்ந்தவை, ஒரே கோயிலை அண்டியவை. எனவே இங்கே சாதி தடையில்லை. பெரிய மேளம் சுவாமி புறப்பாட்டுக்கு முன்னால் நடப்பது, ஆண்களின் கலை, குடும்பஸ்தரின் கலை. சின்ன மேளத்துப் பெண்ணுக்குக் குடும்பம் என்ற ஒன்று விதிக்கப்படவில்லை. பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு உரியவளாகி, ஒரு செல்வரின் ஆதரவில் வாழ்வதே வழக்கம் அவளுக்கு வகுத்த வாழ்க்கை. சென்னை மாகாணத்தில் பெண்களைக் கோயிலுக்கு அர்ப்பணிப்பதைத் தடைசெய்யும் சட்டம் 1947இல்தான் வந்தது; சுப்பு எழுதத் தொடங்கியபோது அச்சட்டத்துக்குப் பத்து வயது.

பெரிய மேளத்துக்காரன் சின்ன மேளத்துப் பெண்ணின் ஆட்டத்தைப் பார்க்க உட்கார்ந்தால் மதிப்புக் குறைவு. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. ஆகவே அவன் மறைந்து நின்று பார்க்கிறான், அவளோ அந்த மறைவை அறிந்துகொண்டு சபை நடுவே அவனை நோக்கியே ஆடுகிறாள். இரு மேளங்களுக்கும் இடையே நெடுங்காலமாக இருந்த உயர்வு தாழ்வு முழுவதும் ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்த மனிதனாகச் சுருங்கிவிடுவது இக்காட்சியின் சிறப்பு. வழக்கமாகச் சதிராட்டத்துக்கு நட்டுவனாரின் தாளமும் மிருதங்கமும் கிளாரினெட்டும் துணை நிற்கும். நாதஸ்வரமும் தவிலும் நிற்பதில்லை. ஜதிச் சொற்களே பெரும்பகுதியாக அமைந்து கச்சேரியின் இறுதியில் வரும் விறுவிறுப்பான உருப்படி தில்லானா. அதை நாதஸ்வரத்தில் வாசிக்க அவள் ஆட வேண்டும் என்ற போட்டி திருவாரூரில் நிகழும்போது, சேரக் கூடாத இரண்டு மேளங்களும் ஒரே மேடையில் ஒரே தாளத்துக்குள் வந்துவிடுகின்றன. தாலி கட்டும் காட்சிக்கு வெகுமுன்பே திருமணம் நடந்து முடிந்த இடம் இதுவே எனலாம். எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு திரைக்குப் பின்னால் இருந்து இதைத் தாங்கியது.

அடுத்து வருவது கத்திக் காயத்திலிருந்து தேறி வந்தவனிடம் மேடையிலிருந்தே அவள் உடல்நிலையை விசாரிக்கும் பாட்டு. கண்ணதாசன் எழுதி, கே. வி. மகாதேவன் இசையமைத்த அப்பாட்டில், கேள்வி கேட்பவள் ஆடிக்கொண்டிருக்கிறாள், பதில் சொல்ல வேண்டியவனின் வாய் நாதஸ்வரத்தின் சீவாளியில் இருக்கிறது. தாய் வடிவாம்பாளின் காவல் ஒருபுறம், ஊரார் கண்கள் மறுபுறம். நாவலாசிரியருக்கு இங்கே இருவர் மனத்துக்குள்ளும் மாறி மாறிப் புகுந்து வர வழியுண்டு. நாகராஜனுக்கு இருந்தவை கண்கள் மட்டுமே. பத்மினியின் கண்கள் கேட்கின்றன, சிவாஜியின் கண்கள் நனைகின்றன, இடையில் தவிலோடு அமர்ந்திருக்கும் பாலையாவின் கண்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து எல்லாம் புரிந்ததாகச் சிரிக்கின்றன. தனியே சந்திக்கவிடாத சபையே அவர்கள் பேசிக்கொள்ளும் இடமாக மாறிவிட்டது. தடையை உடைக்காமல், தடையின் வழியாகவே பேசிக்கொள்வது அகமரபின் தோழிக்குக் கைவந்த கலை. அதைத் தமிழ்த் திரை தன் வழியில் கண்டெடுத்த இடங்களுள் இதை முதலாவதாகச் சொல்லலாம்.

ஆயினும் ஏறக்குறைய மூன்று மணி நேரப் படம் இதே உயரத்தில் நிற்கவில்லை. பிற்பகுதியில் வழக்கத்துக்கு முகம் தேடியாக வேண்டியிருந்தது. நாகேஷ் ஏற்ற சவடால் வைத்தியும், நம்பியார் ஏற்ற மதன்பூர் மகாராஜாவும் அம்முகங்களானார்கள். செல்வரையும் ஆடற்பெண்ணையும் இணைத்துவைத்துத் தரகு தின்னும் ஆள் அந்த உலகில் கட்டாயம் இருந்திருப்பான், ஆகவே வைத்தி பொய்ப்பாத்திரம் அல்லன். நாகேஷின் நாவன்மையில் அவன் சிரிப்புக்குரியவனாகி, சிரிப்பின் மறைவில், வடிவாம்பாளும் ஒரு காலத்தில் இதே ஏற்பாட்டுக்குள் வளர்ந்தவள், மகளுக்கு அவள் தேடும் பெரிய இடம் அவள் அறிந்த ஒரே பாதுகாப்பு என்ற உண்மை கரைந்துபோகிறது. சி. கே. சரஸ்வதியின் நடிப்பில் அத்தாய் பேராசைக்காரியாகத் தெரிகிறாள். பேராசைக்காரி திருந்துவாள், தரகன் அவமானப்படுவான், மகாராஜா விலகுவான், மாலை மாற்றலாம். வழக்கத்தை எவரும் எதிர்கொள்ளவில்லை.

அப்படத்தில் இன்னொரு பெண் இருக்கிறாள். மனோரமா ஏற்ற ஜில் ஜில் ரமாமணி ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவின் நடிகை. சண்முகசுந்தரம் தன் வாத்தியத்தில் ஆங்கில நோட்டு வாசித்துக் காட்டவேண்டும் என்று வெள்ளந்தியாகக் கேட்டு, அவன் வாசிக்க, அதில் பூரித்துப்போகிறவள். அவன்பால் அவளுக்குள்ள பிரியம் படம் முழுவதும் தெரிகிறது. அப்பிரியத்துக்கு எதிராக ஒரு மைனரும் வரவில்லை, ஒரு தரகனும் சூழ்ச்சி செய்யவில்லை. அவளைத் தடுப்பதற்கு ஒருவரும் தேவைப்படவில்லை. ஆஸ்டினின் நாவலில் எலிசபெத்தின் தோழி சார்லட்டும் இத்தகையவள். இருபத்தேழு வயதாகிவிட்ட, பணமும் அழகும் இல்லாத அவள், எலிசபெத் உதறித்தள்ளிய காலின்ஸையே, ஒரு வீடு வேண்டும் என்பதற்காக, யோசித்து நிதானமாக மணந்துகொள்கிறாள். சில மாதம் கழித்து அவ்வீட்டுக்கு விருந்தாளியாக வரும் எலிசபெத்துக்கு ஒன்று புரியவில்லை: முன்புறம் நல்ல வெளிச்சமும் காற்றும் உள்ள பெரிய அறை இருக்க, சார்லட் ஏன் பின்புறத்துச் சிறிய அறையில் பொழுதைக் கழிக்கிறாள்? விடை பிறகு தெரிகிறது. காலின்ஸுக்குச் சாலையில் போகும் வண்டிகளை வேடிக்கை பார்க்கப் பிடிக்கும். சார்லட்டின் அறையிலிருந்தும் சாலை தெரியுமானால், அவர் தம் அறையை விட்டு அங்கேயே வந்து உட்கார்ந்துவிடுவார்.